மேல் கழுவிப்போட்டு வேலைக்குப் போவோம்

பாரிஸின் புறநகரான பொண்டியில் யாரிடமாவது, நகருக்குள் இருக்கும் எங்கள் கடைத்தெருவான லாச்சப்பலுக்குச் சைக்கிளில் போகலாமே என்று சொல்லிப் பாருங்கள். தூரம் என்று மறுக்க மாட்டார்கள். குளிர், மழை என்பதுகூட இரண்டாவதாகத்தான் வரும். முதலில் வருவது, “வேர்த்து வழிஞ்சு போய் வேலையிலை நிக்கிறதோ?” என்ற கேள்விதான்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். 2019 டிசம்பர் 5ஆம் திகதி ஓய்வூதியச் சீர்திருத்தத்தை எதிர்த்து வேலைநிறுத்தம் தொடங்கி மெத்ரோவும் ஆர்.ஈ.ஆர் ரயிலும் முடங்கியபோது, வேறு வழி தெரியாமல் சைக்கிளில் ஏறினேன். வேலைநிறுத்தம் வாரக்கணக்கில் நீண்டது. அது முடிந்த பிறகும் நான் இறங்கவில்லை. லாச்சப்பலில் கணக்கு எழுதும் அலுவலகம் ஒன்றில் எனக்கு வேலை. கடைக்காரர், றெஸ்ரோறன் முதலாளிமார், வரிக் கடிதங்களைச் சொப்பிங் பையில் கட்டிக்கொண்டு வரும் வயதானவர்கள் என்று காலை ஒன்பது மணியிலிருந்து ஆட்கள் முன்னால் இருக்கவேண்டும். நடுவில் ஒரு மேசை அகலம்தான் இடைவெளி. அங்கே ஷவர் கிடையாது. ஒரு கைகழுவும் தொட்டி, அதற்கு மேலே ஒரு கண்ணாடி, கதவுக்குப் பின்னால் ஒரு கொளுக்கி இருக்கின்றன. இவ்வளவும் போதும் என்று எனக்குத் தெரியவர நீண்ட நாள் எடுத்தது.

பாதையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எவ்வளவு வேர்க்கும் என்பதில் பாதி பாதையின் கையில் இருக்கிறது. வெளியில் உள்ளவர்களுக்குப் பொண்டி எம்பாப்பே பந்தடித்து வளர்ந்த ஊர். எங்களுக்கு அது ஆர்.ஈ.ஆர் ‘ஈ’ பிடித்தால் கால்மணி நேரத்தில் மஜந்தாவில் இறங்கி, கார் து நோரைத் தாண்டி லாச்சப்பலுக்கு நடந்துபோகிற ஊர். இரண்டு இடத்தையும் ஒரு கால்வாய் இணைக்கிறது என்பதைப் பலர் பாலத்தால் பஸ்ஸில் போகும்போது கண்டதோடு சரி. பிரெஞ்சில் அதன் பெயர் ஊர்க். தமிழில் எழுதும்போது ஊர்க் கால்வாய் என்று வந்து விழுகிறது. எனக்கு அந்தப் பெயர் பிடித்திருக்கிறது.

1802இல் நெப்போலியன் வெட்டச் சொன்ன கால்வாய் அது. பாரிஸ் சனத்துக்கு நல்ல தண்ணீர் கொண்டுவரவேண்டும் என்பதே நோக்கம். ஏறத்தாழ 100 கிலோமீற்றர் நீளம். 1808 டிசம்பரில் முதல் தண்ணீர் லா வில்லெத் தடாகத்துக்கு வந்து சேர்ந்தது. சைக்கிள்காரருக்கு இதில் முக்கியமான விஷயம் வேறு. பொண்டியிலிருந்து லா வில்லெத் வரை நடுவில் ஒரு மதகும் இல்லை. முதல் மதகு மற்றப் பக்கம், செவ்ரானில்தான். தண்ணீர் ஒரே மட்டம், ஆகவே கரையும் ஒரே மட்டம். மேடு ஏறி மூச்சு வாங்கும் வேலை இல்லை. பொபினியைத் தாண்டி, பந்தனில் ஒருகாலத்தில் மாவரைத்த பெரிய ஆலையைத் தாண்டி, லா வில்லெத் பூங்காவுக்குள்ளால் போய், கிறிமே வீதியில் 1885இலிருந்து நிற்கும் தூக்குப் பாலத்தடிக்கு வந்தால் தடாகம் விரியும். பிறகு ஸ்ராலின்கிராத் வட்டக் கட்டடம், அதன் பிறகு தலைக்கு மேலே ஓடும் இரண்டாம் நம்பர் மெத்ரோவின் நிழலோடு நிழலாக லாச்சப்பல். எல்லாமாகச் சுமார் 10 கிலோமீற்றர்.

இந்தத் தூரத்தை நான் 40 நிமிடத்தில் ஓடுகிறேன். 30 நிமிடத்திலும் ஓடலாம். அந்தப் பத்து நிமிடத்தில்தான் சேட்டு நனைவதும் நனையாமல் விடுவதும் இருக்கிறது. கால் தசை எரிக்கும் சக்தியில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது. மிச்சம் முழுதும் சூடு. அந்தச் சூட்டை வெளியேற்றத்தான் உடம்பு வேர்க்கிறது. காற்றைப் பிளந்துகொண்டு போவதற்கு வேண்டிய சக்தியோ வேகத்தின் மும்மடிக் கணக்கில் ஏறும். மணிக்கு 15 கிலோமீற்றரில் போகிறவர் 20க்கு மாறினால் காற்றுக்கு மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் கொடுக்கவேண்டும். கரையில் என்னை வெட்டிக்கொண்டு பறக்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது அவர்கள் வேலையிடத்தில் ஷவர் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். எனக்கு வேண்டியது பத்து நிமிடம் முந்திப் புறப்படுவது.

ஆனால் வேர்வையைப் பற்றிய என் பயம் சைக்கிளில் தொடங்கியதல்ல. அதை இங்கே சொல்லாமல் போனால் இந்தக் கட்டுரை வெறும் குறிப்புப் பட்டியலாகிவிடும்.

பல வருடங்களுக்கு முன்னர் வேறோர் இடத்தில் வேலை செய்தேன். ஒரு திங்கட்கிழமை காலை உடுப்பு மாற்றும் அறையில் என் அலமாரிக் கதவடியில் ஒரு டியோடரன்ட் டப்பா இருந்தது. புதியது. மேலே சுற்றியிருந்த பிளாஸ்ரிக்கூடக் கிழிக்கப்படவில்லை. யார் வைத்தது என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அன்று முழுக்க இரண்டு கையையும் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு வேலை செய்தேன். உயரத்தில் இருந்த ஒரு பெட்டியை எடுக்கச் சொன்னபோது, கதிரை போட்டு ஏறி எடுத்தேன், கையை உயர்த்தக்கூடாது என்பதற்காக. அந்த நாட்களில் நான் சைக்கிள் ஓட்டவில்லை. காலையில் குளித்துவிட்டு மெத்ரோவில்தான் போனேன்.

எது மணத்தது என்று கண்டுபிடிக்கச் சில வாரம் பிடித்தது. ஜக்கெட். சமையலும் படுக்கையும் ஒரே அறைக்குள். ஞாயிற்றுக்கிழமை மீன் பொரித்தோம், வெங்காயமும் பெருஞ்சீரகமும் தாளித்தோம். கதவுக்குப் பின்னால் தொங்கிய குளிர்கால ஜக்கெட் அத்தனையையும் குடித்துக்கொண்டு நின்றது. எங்கள் மூக்குக்கு அது வீட்டு மணம், ஆகவே தெரியவில்லை. மூடிய அறையில் கழற்றியதும் மற்றவர்களுக்குத் தெரிந்தது. பாரிஸில் சின்ன அறையில் இருந்து சமைத்த எந்தத் தமிழருக்கும் இது விளங்கும். அன்றிலிருந்து ஜக்கெட் அலமாரிக்குள், அலமாரி பூட்டி, சமைக்கும்போது யன்னல் திறந்து.

இந்த நாட்டில் குடியேறிவந்தவரின் மணத்தைப் பற்றிப் பேசியவர்கள் சின்ன ஆட்கள் அல்ல. 1991 ஜூன் 19ஆம் திகதி ஓர்லியோனில் நடந்த ஒரு விருந்தில், அப்போது பாரிஸ் மேயராக இருந்த ஜாக் ஷிராக், கூத் டோரில் வாழும் பிரெஞ்சுத் தொழிலாளி பக்கத்துக் குடும்பத்தின் இரைச்சலாலும் மணத்தாலும் பைத்தியம் பிடித்துப்போகிறான் என்ற கருத்தில் பேசினார். கூத் டோர் எங்கே இருக்கிறது? லாச்சப்பலிலிருந்து நடந்துபோகும் தூரத்தில். ‘இரைச்சலும் மணமும்’ என்ற அந்தச் சொற்கள் பிறகு பிரெஞ்சு மொழியில் ஒரு வடுவாக நின்றுவிட்டன. துலூஸைச் சேர்ந்த செப்தா இசைக்குழு 1995இல் அதையே தலைப்பாக வைத்துப் பாட்டுப் போட்டது. நாங்கள் அந்தப் பேச்சைக் கேட்டவர்களோ இல்லையோ, அதன் கூச்சம் எங்கள் உடம்பில் ஏறியிருக்கிறது. மெத்ரோவில் பக்கத்தில் ஒருவர் எழும்பி இடம் மாறினால், அவர் இறங்கத்தான் போகிறார் என்று நினைப்பதற்கு முன்னரே கை கழுத்துப் பட்டியைத் தொட்டு மணந்து பார்க்கும். சைக்கிளுக்கு வராமல் எங்கள் ஆட்களை நிறுத்திவைப்பது பெரும்பாலும் இந்தக் கூச்சம்தான் என்று நான் நம்புகிறேன். அதனால்தான் வேர்வை என்றால் என்ன என்று சரியாகத் தெரிந்துகொள்வதை நான் மரியாதை சம்பந்தப்பட்ட விஷயமாகப் பார்க்கிறேன்.

அப்போதுதான் சுரந்த வேர்வைக்கு மணம் ஏறத்தாழ இல்லை. உடம்பில் 20 இலட்சத்திலிருந்து 40 இலட்சம் வரை வேர்வைச் சுரப்பிகள் உண்டு. அவற்றில் மிகப் பெரும்பாலானவை விடுவது உப்புத் தண்ணீர். நெற்றி, முதுகு, கை எல்லாம் இந்த வகை. இன்னொரு வகைச் சுரப்பி கமக்கட்டிலும் அரையிலும் இருக்கிறது. பருவமடையும்போது வேலை தொடங்கும். அது விடும் கொழுப்பும் புரதமும் கலந்த சாறும் மணக்காது. தோலில் குடியிருக்கும் பக்ரீரியாக்கள் அதைத் தின்று உடைத்த பிறகுதான் அந்தப் பழுத்த வெங்காய மணம் வரும். கமக்கட்டில் வாழும் ஸ்ரெபிலோகொக்கஸ் ஹோமினிஸ் என்ற பக்ரீரியாவின் எந்த நொதி இந்த வேலையைச் செய்கிறது என்று யோர்க் பல்கலைக்கழகத்தினர் 2020இல் காட்டினார்கள். இதில் எங்களுக்கு வேண்டிய செய்தி: மணம் வர நேரம் வேண்டும், பக்ரீரியாக் கூட்டமும் வேண்டும். காலையில் சவர்க்காரம் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டு ஏறினவருக்கு 40 நிமிடத்தில் அந்தக் கூட்டம் சேராது. நேற்றைய வேர்வை காய்ந்த உடுப்போடு ஏறினவருக்கு, அது நனைந்த உடனேயே பழைய மணம் எழும்பிவிடும்.

ஆகவே பார்க்கவேண்டியது உடம்பைவிட உடுப்பை. பெல்ஜியத்தில் கென்ற் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் கலவார்ட்டும் கூட்டாளிகளும் செய்த ஒரு சோதனை 2014இல் வெளிவந்தது. 26 பேரைப் பருத்தியிலும் பொலியெஸ்ரரிலும் ரீசேட் போட்டு, ஒரு மணி நேரம் நிலைச் சைக்கிள் மிதிக்கச் சொன்னார்கள். நனைந்த ரீசேட்டுகளைப் பையில் இட்டு இருட்டில் 28 மணி நேரம் வைத்து, மணம் பிடிக்கப் பழகியவர்களிடம் கொடுத்தார்கள். பொலியெஸ்ரர் ரீசேட்டுகள்தான் கூடக் கெட்டு மணத்தன. மணத்துக்குக் காரணமான மைக்ரோகொக்கஸ் வகைப் பக்ரீரியாக்கள் அந்தத் துணியில்தான் நன்றாகப் பெருகியிருந்தன. விளையாட்டுக் கடையில் “வேர்வையை உடனே காயவைக்கும்” என்று விற்கும் ரீசேட் பெரும்பாலும் அந்தத் துணிதான். ஓடும்போது காயும், உண்மை. பைக்குள் சுருட்டி வைத்து மாலை திரும்பவும் போட்டால் தெரியும். நான் ஓடுவதற்குப் பழைய பருத்திப் பெனியன் போடுகிறேன். குளிர் மாதங்களில் மெல்லிய கம்பளி ரீசேட் ஒன்று. கம்பளி பல நாள் போட்டாலும் இலகுவில் மணக்காது. விலை அதிகம், ஆனால் ஒன்று இருந்தால் போதும்.

இவ்வளவு விஞ்ஞானமும் தெரியாமல் என் அம்மா இதையே செய்தார். யாழ்ப்பாணத்தில் ஆசிரியை. ஆறு கிலோமீற்றர் சைக்கிள், சேலையில். அவர் பள்ளிக்கூடம் போன காலத்தில் 1990இல் மீண்டும் தொடங்கிய போரும் பொருளாதாரத் தடையும் நடந்துகொண்டிருந்தன. பெற்றோல் இல்லை, ஆகவே பேராசிரியரும் டொக்ரரும் மீன்காரரும் எல்லாரும் சைக்கிள்தான். பற்றறி இல்லை, ஆகவே சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டோம். சவர்க்காரமும் தடைப்பட்ட பொருள்களில் ஒன்று. சனம் பனம்பழத்தைப் பிசைந்து அந்தக் களியில் உடுப்புத் தோய்த்தது. அப்படிப்பட்ட நாளிலும் அம்மா வகுப்பில் வாடி நின்றதை நான் கண்டதில்லை.

அவருடைய கரியரில் ஒரு துணிப்பை இருக்கும். அதற்குள் சின்னத் துவாய் ஒன்று, லேஞ்சி இரண்டு. பள்ளிக்கூடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே மிதிப்பதை நிறுத்திவிட்டு இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு நடப்பார். ஏன் என்று கேட்டால், “வேர்வை அடங்கட்டும்” என்பார். பிறகு கிணற்றடிக்குப் போய் முகம், கழுத்து, கை, கால். வீட்டுக்குத் திரும்பி வந்தால் மேல் கழுவுவார். தலை நனைத்து முழுகுவது வேறு, மேல் கழுவுவது வேறு. தலையைத் தொடாமல் கழுத்துக்குக் கீழே ஒரு வாளித் தண்ணீரோடு முடிகிற விஷயம். எங்கள் ஊரில் எத்தனையோ பேர் பின்னேரம் படலையைத் தாண்டிக் கோயிலுக்குப் போவதற்கு முன் செய்கிற விஷயம். குளியல் என்றால் ஷவர், ஷவர் இல்லையென்றால் குளியல் இல்லை என்ற எண்ணம் எங்களுக்கு இங்கே வந்த பிறகு ஒட்டியது.

பிரெஞ்சுக்காரரிடமும் இதே பழக்கம் இருந்தது, இருக்கிறது. 1954ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்த நாட்டில் பத்து வீட்டுக்கு ஒரு வீட்டில்தான் குளியல் தொட்டியோ ஷவரோ இருந்தது. மிச்ச ஒன்பது வீட்டாரும் கைகழுவும் தொட்டிக்கு முன்னால் நின்று கழுவித்தான் வேலைக்குப் போனார்கள். அதற்கென்று அவர்களிடம் ஒரு சாமான் உண்டு: துவாய்த் துணியில் தைத்த, விரல் பிரியாத சின்னக் கையுறை. கான் து துவாலெத் என்பார்கள். எந்தச் சுப்பர்மார்க்கெட்டிலும் துவாய்க்குப் பக்கத்தில் கிடக்கும். பல வருடம் நான் அதை என்னவென்று தெரியாமல் கடந்துபோயிருக்கிறேன். இப்போது என் மேசை லாச்சியில் மூன்று இருக்கின்றன.

நான் செய்வதை அப்படியே சொல்கிறேன். ஸ்ராலின்கிராத் தாண்டியதும் வேகத்தைக் குறைப்பேன். சைக்கிளைப் பூட்டிவிட்டு உடனே உள்ளே ஓடிக் கழுவுவதில்லை. உடம்பின் உள்சூடு அடங்கப் பத்துப் பதினைந்து நிமிடம் எடுக்கும். அதற்கிடையில் கழுவி உடுப்பு மாற்றினால், மாற்றிய உடுப்புக்குள் திரும்ப வேர்க்கும். சைக்கிள்காரர் அதிகம் செய்யும் பிழை இதுதான். அந்த நேரத்தில் ஜக்கெட்டைக் கழற்றி வெளியில் நின்று ஒரு போத்தல் தண்ணீர் குடிப்பேன், அலுவலகத்தைத் திறப்பேன், யன்னலைத் திறப்பேன். பிறகு கதவைப் பூட்டிக்கொண்டு, மணிக்கட்டிலும் பிடரியிலும் குளிர் தண்ணீர். ஒரு கான் சவர்க்காரத்தோடு, ஒரு கான் வெறும் தண்ணீரோடு. முகம், கழுத்து, மார்புக்குக் கீழ் மடிப்பு, கமக்கட்டு, முதுகில் கை எட்டும் வரை. சவர்க்காரத்தைத் தோலில் மிச்சம் வைக்கக்கூடாது, கடிக்கும். கடைசியாகப் பாதம். பாதத்தை மறப்பவர்கள் பலர், சப்பாத்தைக் கழற்றும்போது நினைவு வரும். பிறகு துவாயால் முழுதாகத் துடைப்பு. ஈரத்தின் மேல் உடுப்புப் போட்டால் செய்த வேலை வீண். மொத்தம் ஆறு நிமிடம். ஈரத் துடைப்பான் தாளால் செய்கிறவர்கள் உண்டு. எனக்கு அது பிசுபிசுப்பை விட்டுப்போகிறது, குப்பையும் கூடுகிறது.

டியோடரன்ட் பற்றி ஒரு சொல். மணத்தை மூடுவது ஒன்று, வேர்வை வாயை அடைப்பது இன்னொன்று. இரண்டாவது வகையில் அலுமினிய உப்பு இருக்கும். அதை இரவில், காய்ந்த தோலில் பூசிவிட்டுப் படுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். காலையில் வேர்த்த கமக்கட்டில் அடித்தால் வழிந்துபோகும். எனக்குப் படிகாரம் போதும். ஊரில் சலூனில் சவரம் செய்த பிறகு கன்னத்தில் தேய்க்கும் அதே கல். இங்கே மருந்துக் கடையில் பியேர் தலன் என்ற பெயரில் உருண்டையாக மெருகேற்றி விற்கிறார்கள்.

நனைந்த உடுப்பு எங்கே போகிறது என்பது கழுவுவதைப் போலவே முக்கியம். முடிச்சுப் போட்ட சொப்பிங் பைக்குள் போடவே கூடாது. அந்த 28 மணி நேரச் சோதனையை உங்கள் பைக்குள் நீங்களே நடத்துகிறீர்கள் என்று அர்த்தம். கொளுக்கியில் விரித்துத் தொங்கப்போட்டால் மாலைக்குள் காய்ந்துவிடும். முதுகுப் பையும் வேண்டாம். முதுகில் ஒட்டும் பை அந்த இடத்தை ஊறவைக்கும். கரியரில் இருபுறமும் தொங்கும் பையில் போட்டுவிட்டால் முதுகுக்குக் காற்றுப் படும். வேலைச் சட்டையை நான் சுருட்டிக் கொண்டுபோவதுமில்லை. திங்கட்கிழமை ஐந்து சட்டையையும் மடித்து ஒரு தடவையில் கொண்டுபோய், வெள்ளிக்கிழமை ஐந்து அழுக்கையும் கொண்டுவருவேன்.

பெண்களுக்குத் தலைமயிர் ஒரு தனிப் பாடு. இங்கே 12 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குத்தான் ஹெல்மெட் கட்டாயம், 2017 மார்ச்சிலிருந்து. நான் போடுகிறேன். எண்ணெய் வைத்த தலையில் ஹெல்மெட் போட்டால் இரண்டு நாளில் உள்துணி சிக்கு மணம் மணக்கும். ஆகவே எண்ணெய் சனிக்கிழமை மட்டும், முழுகுவதோடு. மற்ற நாளில் பின்னலைத் தளர்வாகப் பின்னிப் பின்னால் விட்டு, தலைக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவில் மெல்லிய பருத்தித் துணி ஒன்று கட்டுவேன். தினமும் தோய்க்கிற துணி. போய் இறங்கியதும் பின்னலை அவிழ்த்து ஐந்து நிமிடம் காற்றுப் படவிட்டு மறுபடி பின்னினால் முடிந்தது. மாதவிடாய் நாட்களில் கான் இரண்டு கூடக் கொண்டுபோவேன். இதையும் எழுதித்தான் ஆகவேண்டும், ஏனென்றால் அந்த நாட்களில்தான் நிறையப் பெண்கள் சைக்கிளை வைத்துவிட்டு ரயிலுக்குத் திரும்புகிறார்கள்.

கைகழுவும் தொட்டி முதலாளி தரும் தயவு என்று நினைக்கவேண்டாம். பிரெஞ்சுத் தொழில் சட்டக் கோவையின் ஆர் 4228-7ஆம் பிரிவு, குடிக்கத்தக்க தண்ணீர் வரும், சூடு குளிர் மாற்றக்கூடிய தொட்டி பத்துத் தொழிலாளருக்கு ஒன்றாவது இருக்கவேண்டும் என்கிறது. கழுவவும் துடைக்கவும் வேண்டியதையும் வைக்கவேண்டும். வேலைக்கென்று தனி உடுப்புப் போடவேண்டியவர்களுக்கு உடுப்பு மாற்றும் இடமும், பூட்டக்கூடிய அலமாரியும் உரிமை. றெஸ்ரோறன் குசினியில் நிற்கும் எங்கள் ஆட்கள் இந்தக் கூட்டத்தில் வருவார்கள். ஷவர் கட்டாயம் என்பது அழுக்கான, உடம்புக்குக் கேடான வேலைகளுக்கு மட்டும்தான். அந்த வேலைகளின் பட்டியல் 1947 ஜூலை 23ஆம் திகதி ஆணையில் இருக்கிறது. சைக்கிளில் வந்தேன் என்று ஷவர் கேட்க முடியாது. தண்ணீர் வராத தொட்டிக்கு, பூட்டு உடைந்த அலமாரிக்கு வாய் திறந்து கேட்கலாம், கேட்கவேண்டும்.

குசினிக்காரருக்குச் சைக்கிள் வேறு விதத்திலும் முக்கியம். பிளோஞ்சில் நின்று பாத்திரம் கழுவி, தரை அடித்து, குப்பை கட்டி வெளியில் வரும்போது கடைசி ரயில் போயிருக்கும். இரவு பஸ்ஸுக்குக் காத்திருந்து வீட்டுக்கு வர இன்னொரு அரை இரவு போய்விடும். சைக்கிள் இருந்தால் 40 நிமிடம். அவர்கள் கவலைப்படுவது போகும்போது வேர்ப்பதைப் பற்றியல்ல, திரும்பும்போது உடம்பில் ஏறியிருக்கும் எண்ணெய்ப் புகையைப் பற்றி. அதற்கும் அதே மருந்துதான்: குசினிக்குள் போட்ட எதையும் அதற்கு வெளியே போடாமல், பெனியன் உட்பட மாற்றிக்கொண்டு ஏறுவது.

உண்மையான ஷவரே வேண்டும் என்றால் பாரிஸ் நகரசபை வைத்திருக்கிறது, 2000ஆம் ஆண்டிலிருந்து காசில்லாமல். பான்-தூஷ் என்று வாசலில் எழுதியிருக்கும். எங்கள் வழியில் 19ஆம் வட்டாரத்தில் ரூவே வீதியிலும் மோ வீதியிலும் இருக்கின்றன. சவர்க்காரமும் துவாயும் நாங்கள் கொண்டுபோகவேண்டும். திறக்கும் நாளும் நேரமும் இடத்துக்கு இடம் மாறும், பார்த்துக்கொண்டு போகவேண்டும். 1983 கலவரத்துக்குப் பிறகு இந்த நகரத்துக்கு வந்து, கூரைக்குக் கீழே குளியலறை இல்லாத அறைகளில் நாலைந்து பேராகப் படுத்தெழும்பிய தலைமுறைக்கு அந்த வாசல்கள் நன்றாகத் தெரியும். இன்றைக்கு அங்கே வரிசையில் நிற்பவர்களில் வீடில்லாதவர்கள் உண்டு, மாணவர்கள் உண்டு, பை தூக்கிய வேலையாட்கள் உண்டு. கோடையில் ஓரிரு நாள் நானும் நின்றிருக்கிறேன். 2019 ஜூலை 25ஆம் திகதி பாரிஸில் 42.6 பாகை அடித்தது. அப்படிப்பட்ட நாளில் தொட்டியும் கானும் போதாது, சைக்கிளும் தேவையில்லை. ரயிலில் போகலாம், அதில் குறையொன்றும் இல்லை.

வயதானவர்களும் நீரிழிவுக்காரரும் மின்சாரச் சைக்கிளைப் பார்க்கவேண்டும் என்று நான் வற்புறுத்திச் சொல்வேன். மிதிக்கும்போது மோட்டார் கைகொடுக்கும், 25 கிலோமீற்றர் வேகத்தில் விட்டுவிடும். உடம்புக்கு அசைவும் கிடைக்கும், சேட்டும் காய்ந்தபடி இருக்கும். வாங்கமுன் பார்க்க விரும்புகிறவர்களுக்கு 2019 செப்டம்பரில் இல் து பிரான்ஸ் வட்டாரம் வேலிகோ என்று மாதவாடகைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ஆரம்பத்தில் மாதம் 40 ஈரோ.

இன்று காலையும் வழக்கம்போல ஏழேமுக்காலுக்குப் புறப்பட்டேன். பந்தனில் தண்ணீர் மேல் மூட்டம். ஃபோபூர் சந்தெனி வீதிக்குத் திரும்பியபோது நகரசபைத் தொழிலாளி ஒருவர் நடைபாதை ஓரத்துத் தண்ணீர் வாயைத் திறந்துவிட்டு, பச்சைத் தும்புத்தடியால் நேற்றைய வெற்றிலைத் துப்பலையும் காய்கறிச் சருகையும் தள்ளிக்கொண்டிருந்தார். பாரிஸ் தெரு கழுவும் தண்ணீர் குடிதண்ணீர் அல்ல. செய்ன் ஆற்றிலிருந்தும் இந்த ஊர்க் கால்வாயிலிருந்தும் தனிக் குழாயில் வருகிறது. நான் இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு அந்த ஓட்டத்தின் ஓரமாக நடந்தேன். கடைக்குள்ளிருந்து சாம்பிராணிப் புகை வந்தது. பிடரியில் வேர்வை காயத் தொடங்கியிருந்தது. மணி எட்டு முப்பத்தைந்து. கழுவுவதற்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.